லஞ்சுக்கு முன்னால் ஒரு 'தி'

நான் ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிறது. புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆங்கில ஆசிரியர்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று நம் தஞ்சாவூர் பயிற்சி நிலையத்திலிருந்து கேட்டார்கள். பாடம் நடத்துவது எப்படி என்று நான் எழுதப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்; தெரியாத மிச்சமும் வகுப்பில் ஒரு மாதம் நின்றால் வந்துவிடும். நான் சொல்ல நினைப்பது மூன்று சிறிய சொற்களைப் பற்றி. பிரேக்ஃபாஸ்ட், லஞ்ச், டின்னர். இந்த மூன்றையும் பிடித்துக்கொண்டு ஒரு மனிதரின் பிழைப்பையே நான் கெடுக்கப் பார்த்தேன்.

நம்மிடம் படிக்க வருகிறவர்கள் யார் என்று பார்த்திருப்பீர்கள். நன்னிலம் பக்கத்து விவசாயக் குடும்பம், திருத்துறைப்பூண்டி பக்கத்துக் கடைக்காரர் குடும்பம், கடற்கரையிலிருந்து படகை விட்டுவிட்டு வருகிறவர்கள். எல்லோருக்கும் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ ஒரு சமையலறையில், ஒரு சாப்பாட்டுக் கூடத்தில் வேலை வேண்டும். அதற்கு ஆங்கிலம் வேண்டும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதம் இல்லை. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் 'எ' போடுவதா 'தி' போடுவதா என்ற கவலையும் இல்லை. 'சாப்பிட்டாச்சா?' என்று கேட்டால் எந்தச் சாப்பாடு என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால்தான் தடுமாற்றம். ஏதாவது முன்னால் சேர்க்காவிட்டால் மரியாதைக் குறைவோ என்று பயந்து 'தி லஞ்ச்' என்பார்கள். லஞ்சின் முதல் எழுத்தையும் பெரிதாகப் போடுவார்கள்.

இந்தத் தப்பு என்றால் எனக்கு ஆகாது. காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஆண்டு விழா அழைப்பிதழை நான்தான் ஆங்கிலத்தில் எழுதினேன். 'ஹேவ் எ லஞ்ச்' என்று, லஞ்சுக்குப் பெரிய எழுத்துப் போட்டு அச்சடித்து எல்லோருக்கும் போய்விட்டது. விருந்தினராக வந்த கல்லூரிப் பேராசிரியர் மேடையில் அதை உரக்கப் படித்து, "ஒரே ஒரு லஞ்ச்தான் இருக்காம், யாருக்குன்னு தெரியல" என்றார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அதற்குப் பிறகு நான் ஒரு வாசகம் தயாரித்தேன். "சாப்பாட்டுக்குத் தலையில் கிரீடமும் வேண்டாம், முன்னால் கட்டியக்காரனும் வேண்டாம்." கிரீடம் என்றால் பெரிய எழுத்து. கட்டியக்காரன் என்றால் 'எ', 'தி'. ராஜா வருகிறார் என்று கூவிக்கொண்டு முன்னால் போகிறவன் லஞ்சுக்கு எதற்கு? மாணவர்கள் சிரிப்பார்கள், மறக்கமாட்டார்கள். இருபது வருடம் இதையே கரும்பலகையில் எழுதினேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

சாதிக் பாய் வகுப்புக்கு வந்தபோது அவருக்கு நாற்பத்து நான்கு வயது. திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்து ஊர். வளைகுடாவில் தொழிலாளர் முகாம் ஒன்றில் பதினைந்து வருடம் உதவிச் சமையல்காரராக இருந்துவிட்டுத் திரும்பியிருந்தார். உயரமான மனிதர். உட்காரும்போதும் எழும்போதும் மேசையைப் பிடித்துக்கொள்வார்.

"அடுப்பு முன்னால நிக்க முடியல மேடம். ரெண்டு முழங்காலும் போச்சு. சாப்பாட்டுக் கூடத்துல சூப்பர்வைசர் வேலைன்னா உட்கார்ந்து பார்க்கலாம். ஆனா இங்கிலீஷ்ல எழுதணுங்கிறாங்க. நாப்பத்தஞ்சு தாண்டிட்டா எடுக்க மாட்டாங்களாம்" என்று முதல் நாளே சொன்னார். அவருக்கு அந்த ஒரு வாய்ப்புதான் இருந்தது என்பது எனக்கும் தெரியும்.

நன்றாகப் படித்தார். காலங்கள், கேள்வி வாக்கியங்கள், அறிவிப்புப் பலகைக்கான வாசகங்கள் எல்லாம் பிடிபட்டன. ஆனால் லஞ்சுக்கு முன்னால் 'தி' போடுவது மட்டும் நிற்கவில்லை.

"பாய், கட்டியக்காரன் வேண்டாம்னு எத்தனை தடவை சொல்றது?"

"சரிங்க மேடம்." அழிப்பார். அடுத்த பக்கத்தில் மறுபடியும் இருக்கும். "கை தானா எழுதிடுது மேடம்" என்று வெட்கத்தோடு சிரிப்பார். அவர் நோட்டு முழுக்க என் சிவப்புக் கோடுகள்தான்.

தேர்வு நாள் வந்தது. வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனத்தின் பிரதிநிதி தஞ்சாவூர் வந்து ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தார். அன்று மாலை ரயிலில் கிளம்ப வேண்டியவர். காலையில் நம் நிலையத்தில் எழுத்துத் தேர்வு, திருத்துவது நான். பத்துப் பிழை வரை மன்னிக்கலாம், அதற்கு மேல் போனால் பட்டியலில் பெயர் கிடையாது என்று ஏற்பாடு. முப்பது பேர் எழுதினார்கள். கட்டுரைத் தலைப்பு, 'நீங்கள் மறக்காத ஒரு வேளைச் சாப்பாடு'.

எனக்கு உதவியாக ஓர் ஆசிரியை இருந்தார். சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது, இன்றைக்கு உங்களைப் போல. அவர் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். தாள்களை அடுக்கி, நான் போடும் எண்ணைப் பட்டியலில் எழுதுவது அவர் வேலை.

சாதிக் பாயின் தாள் பாதியில் வந்தது. என் பேனா அதில் தடங்கலே இல்லாமல் ஓடியது. 'தி லஞ்ச்', கோடு. 'எ லஞ்ச்', கோடு. பெரிய எழுத்து, வட்டம். எட்டுக் கோடும் நான்கு வட்டமும் சேர்ந்து பன்னிரண்டு பிழை. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. இவ்வளவு சொல்லியும் இந்த மனிதர் கேட்கவில்லையே என்று கோபமும் இருந்தது. எல்லாத் தாளும் முடிந்ததும், தேறியவர்கள் பட்டியலில் கையெழுத்துப் போட்டேன். ஒரு பிரதி லாட்ஜுக்குப் போனது, இன்னொன்று நம் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது.

டீ குடித்துக்கொண்டிருந்தபோது அந்தப் புது ஆசிரியை ஒரு தாளை எடுத்துக்கொண்டு தயங்கித் தயங்கி வந்தார்.

"மேடம், ஒரு சந்தேகம். இங்க 'தி' சரிதானே?"

"சாப்பாட்டுப் பெயருக்கு முன்னால 'தி' வராதும்மா. முதல் வாரமே சொன்னேனே."

"பொதுவாச் சொன்னா வராது மேடம். ஆனா இவர், 'தி லஞ்ச் ஐ மேட் தட் டே'ன்னு எழுதியிருக்கார். அன்னைக்கு அவர் ஆக்கின அந்த ஒரு சாப்பாட்டைத்தானே சொல்றார்? அப்ப வரணும் இல்லையா?"

எனக்குச் சுருக்கென்றது. மூன்று வாரம் முன்பு வந்தவர் எனக்கு இலக்கணம் சொல்கிறாரே என்ற எரிச்சல்தான் முதலில் வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. "பட்டியல் போயாச்சு, விடுங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் தாளை நீட்டியபடியே நின்றார். பயந்துகொண்டேதான் கேட்டிருக்கிறார். தாளை வாங்கினேன். அந்தக் கட்டுரையை அப்போதுதான் முதல்முறையாகப் படித்தேன். அதுவரை நான் கோடு மட்டும்தான் போட்டிருந்தேன்.

பாயின் ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்கிறேன்.

முகாமில் செல்வம் என்று ஒருவர். நன்னிலம் பக்கம். கட்டட வேலை. ஊரில் அவருடைய அம்மா இறந்துபோனார். விடுப்புக் கிடைக்கவில்லை. காரியம் எல்லாம் அவர் இல்லாமலே நடந்து முடிந்தது. செல்வம் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. வேலைக்குப் போனார், வந்தார், தட்டை மட்டும் அப்படியே திருப்பி வைத்தார். மூன்றாம் நாள் சமையலறையிலிருந்த சாதிக் பாய் அதைக் கவனித்தார். உங்க அம்மா என்ன செய்வாங்க என்று கேட்டார். வெண்டைக்காய் மோர்க்குழம்பு என்று பதில் வந்தது. பாய் அதைச் சமைத்ததே இல்லை. வீட்டுக்கு ஃபோன் போட்டார். அவர் மனைவி பக்கத்து வீட்டு அம்மாவிடம் போய்க் கேட்டு, ஃபோனிலேயே ஒவ்வொன்றாகச் சொன்னார். முகாமில் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, பாய் ஒரு சின்னச் சட்டியில் குழம்பு வைத்தார். செல்வம் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். சோறு ஆறிவிட்டது. பிறகு ஒரு வாய் எடுத்து வைத்தார். அழுதார். அழுதுகொண்டே சட்டியைக் காலி செய்தார்.

நான் கோடு போட்ட இடங்களை இப்போது பார்த்தேன். 'அந்தச் சாப்பாட்டைப் பார்த்தார்.' அங்கே 'தி' இல்லாவிட்டால்தான் தப்பு. 'அந்தச் சாப்பாடு ஆறிவிட்டது.' அங்கேயும் அப்படித்தான். 'எ சிம்பிள் லஞ்ச்.' நடுவில் ஓர் அடைமொழி வந்தால் 'எ' வந்தே ஆக வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? கல்லூரியில் படித்ததுதான். மாணவர்களைக் குழப்ப வேண்டாம் என்று விதியின் முதல் பாதியை மட்டும் இருபது வருடம் சொல்லிச் சொல்லி, மறுபாதியை நானே மறந்திருந்தேன்.

உடனே எழுந்து ஓடியிருக்கலாம். ஓடவில்லை. இந்த இடத்தை மட்டும் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். என் கண் கலங்கியிருந்தது. கலங்கிய கண்ணோடு திருத்தினால் எந்தத் தாளும் தேறிவிடும். மனசுக்குப் பிடித்ததால் சரி என்கிறேனா, சரியாக இருப்பதால் சரி என்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. அலமாரியிலிருந்து இலக்கணப் புத்தகத்தை எடுத்து மேசையில் விரித்து வைத்தேன். எட்டுக் கோட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஐந்து இடத்தில் அவர் எழுதியது சரி. மூன்று இடத்தில் தப்பு. தொழிலாளர்கள் தினமும் பன்னிரண்டு மணிக்கு 'தி லஞ்ச்' சாப்பிடுவார்கள் என்று எழுதியிருந்தார், அது தப்புதான். பெரிய எழுத்து நான்கும் தப்பு. மொத்தம் ஏழு பிழை.

"அப்ப பாஸ் மேடம்!" என்றார் புது ஆசிரியை.

"இருங்க. மத்த இருபத்தொன்பது தாள்லயும் இதே தப்பை நான் பண்ணியிருப்பேனே?"

இருவரும் பிரித்துக்கொண்டு எல்லாவற்றையும் மறுபடி பார்த்தோம். மூன்று பேருக்கு எண் மாறியது. பாயைத் தவிர யாருடைய முடிவும் மாறவில்லை. முடித்தபோது மணி இரண்டு. நிலைய முதல்வர் ஊரில் இல்லை. ஃபோனும் எடுக்கவில்லை. ஆட்டோ பிடித்து லாட்ஜுக்குப் போனேன்.

பிரதிநிதி பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டதும் முகம் மாறியது.

"மேடம், நீங்க கையெழுத்துப் போட்ட லிஸ்ட். இப்ப வந்து ஒரே ஒரு பேரைச் சேர்க்கச் சொல்றீங்க. அந்த ஆளு வந்து பார்த்தாரா உங்கள?"

என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.  பதிலுக்குக் கத்தியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"அவருக்கு நான் இங்க வந்ததே தெரியாதுங்க. தப்புப் பண்ணினது அவர் இல்ல, நான். எங்கெங்க தப்புன்னு குறிச்சுக் கொண்டுவந்திருக்கேன். புத்தகமும் இருக்கு. நீங்களே பாருங்க."

"எழுதித் தருவீங்களா?"

"தர்றேன்."

அவர் கொடுத்த வெள்ளைத் தாளில், திருத்தியதில் பிழை என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆங்கில ஆசிரியை ஒருத்தி தனக்கு ஆங்கிலம் தப்பு என்று எழுதிக் கொடுப்பது எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நான் எழுதிக்கொண்டிருந்தபோது அவர் பாயின் கட்டுரையைப் படித்தார். முதலில் வேகமாக, பிறகு மெதுவாக. பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"இந்தப் பெரிய எழுத்து எல்லாம் தப்புதானே மேடம்?"

"தப்புதான். அதை நான் விடல."

அவர் கட்டுரையை மடியில் வைத்தார். பிறகு தன் பேனாவை எடுத்து, பட்டியலின் கடைசியில் சாதிக் பாயின் பெயரை எழுதினார்.

நான் எழுதிக் கொடுத்த தாள் பிறகு நம் முதல்வரின் மேசைக்கும் வந்தது. ஒரு வருடம் எனக்குத் திருத்தும் வேலை தரவில்லை. நியாயம்தான் என்று இருந்துவிட்டேன். என் தாள்களைத் திருத்தும் பொறுப்பு அந்தப் புது ஆசிரியைக்குப் போனது. சாதிக் பாய் அந்த நிறுவனத்தின் முகாமில் ஆறு வருடம் சூப்பர்வைசராக வேலை பார்த்து, முழங்காலுக்குச் சிகிச்சையும் செய்துகொண்டு ஊர் திரும்பினார்.

ஆனால் அன்றைக்கு லாட்ஜிலிருந்து இறங்கியபோது எனக்கு இதெல்லாம் தெரியாது. நிலையத்துக்கு ஃபோன் செய்தேன். பலகையைப் பார்த்துவிட்டுப் பாய் பேசாமல் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார் என்றார்கள். அதே ஆட்டோவில் புது பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். திருத்துறைப்பூண்டி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மடியில் நோட்டு. என்னைப் பார்த்ததும், மேசை இல்லாததால் முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"மன்னிச்சுக்குங்க மேடம். நீங்க அவ்வளவு சொல்லிக் கொடுத்தும்..."

"பாய், கீழ இறங்குங்க."

இறங்கினார். அங்கேயே சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பெயர் சேர்ந்ததைச் சொன்னேன். அவருடைய பஸ் கிளம்பிப் போனது. அவர் அதைப் பார்க்கவில்லை. வேலை கிடைத்ததைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"அப்ப நான் எழுதினது சரியா மேடம்?"

"அஞ்சு இடத்துல சரி. நான்தான் தப்பாக் கோடு போட்டேன். என்னை மன்னிக்கணும்."

"ஐயோ, அப்படியெல்லாம் சொல்லாதீங்க." நோட்டை விரித்துக்கொண்டே, "மீதி மூணு எது? சொல்லுங்க, திருத்திக்கிறேன்" என்றார்.

சொன்னேன். குறித்துக்கொண்டார். நான் முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அப்போதுதான் கேட்டேன். "அத்தனை தடவை அழிச்சும் ஏன் பாய் மறுபடி மறுபடி போட்டீங்க?"

கொஞ்சம் யோசித்தார். "எனக்கு விதியெல்லாம் தெரியாது மேடம். தினம் ஐநூறு பேருக்குப் போடுற சாப்பாடு வேற. அவனுக்கு ஆக்கினது வேற. ரெண்டையும் ஒரே மாதிரி எழுத மனசு வரல. எதுக்குப் போடறது, எதுக்கு விடறதுன்னு புரியாம எல்லாத்துக்கும் போட்டுட்டேன்."

இருபது வருட அனுபவத்தில் எந்த மாணவரும் அந்த விதியை எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. அன்றிலிருந்து ஒரு கோடு போடும் முன் 'ஏன் இப்படி எழுதினீங்க?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவேன். பாதிப் பேர் தெரியாமல் எழுதியிருப்பார்கள். மீதிப் பேரிடம் ஏதோ ஒரு காரணம் இருக்கும். நீங்களும் கேளுங்கள்.

"அந்தச் செல்வம் இப்ப எங்க இருக்கார்?" என்றேன்.

"ஊர்லதான் மேடம். நன்னிலத்துல நெல்லு போட்டிருக்கான். இன்னைக்குக் காலையிலேர்ந்து நாலு தடவை ஃபோன் பண்ணிட்டான், ரிசல்ட் என்னாச்சுன்னு. எடுக்கவே இல்ல நான்." சொல்லிக்கொண்டே செல்வத்துக்கு ஃபோன் போட்டார். "டேய், கிடைச்சிடுச்சுடா" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.  ஃபோனை என்னிடம் நீட்டினார்.

அந்தப் பக்கம் அறுவடை இயந்திரத்தின் இரைச்சல். செல்வம் அதைத் தாண்டிக் கத்திப் பேசினார். "மேடமா? ரொம்ப நன்றிங்க மேடம். என்ன எழுதினாரு பரீட்சைல?"

"உங்களுக்கு மோர்க்குழம்பு வெச்சுக் கொடுத்ததைத்தான் எழுதினார்."

இரைச்சல் குறைந்தது. இயந்திரத்தைவிட்டுத் தள்ளி நடந்து வந்திருப்பார் போல.  பிறகு மெல்லிய குரலில் சொன்னார்.

"அவரு பக்கத்துல இருக்காரா மேடம்? கேட்காம இருந்தாச் சொல்றேன். அந்தக் குழம்புல உப்பே இல்ல. போட மறந்துட்டாரு. நான் இன்னைக்கு வரைக்கும் சொன்னதில்ல. நீங்களும் சொல்லிடாதீங்க."

சாதிக் பாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னங்க மேடம் சொல்றான்?"

"ரொம்ப நல்லா இருந்துச்சாம் பாய்" என்றேன்.